பணியில் இருக்கும்போது மரணம்: படிவம் 1-இல் பழைய விதியா, என்.பி.எஸ். தொகையா?

மத்திய அரசுப் பணியில் 1.1.2004 முதல் சேர்ந்தவர்களுக்கு என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) தான் என்பது எல்லாருக்கும் தெரியும். பணியில் இருக்கும்போதே உயிர் போய்விட்டால் குடும்பத்துக்கு இரண்டு வழிகள் உண்டு என்பது பாதிப்பேருக்குக்கூடத் தெரிவதில்லை. பழைய ஓய்வூதிய விதிகளின்படி மாதாமாதம் குடும்ப ஓய்வூதியம் வாங்குவது ஒரு வழி. என்.பி.எஸ். கணக்கில் சேர்ந்த தொகையை எடுத்துக்கொள்வது இன்னொன்று. 2021 மார்ச் இறுதியில் அறிவிக்கப்பட்ட என்.பி.எஸ். நடைமுறை விதிகளில் விதி 10 இந்தத் தேர்வை ஊழியரிடம் கொடுக்கிறது. அதை எழுதித் தரும் தாள்தான் படிவம் 1.

இதில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தத் தேர்வைக் குடும்பத்தினர் செய்ய முடியாது என்பது. ஊழியர் கடைசியாக எழுதிக் கொடுத்த விருப்பமே இறுதி. இறந்த பிறகு மனைவியோ கணவரோ பிள்ளைகளோ அதை மாற்றக் கேட்க விதியில் இடமில்லை. எதுவும் எழுதாமலே இறந்துவிட்டால் விதியே முடிவெடுக்கும். பதினைந்து ஆண்டு சேவை முடியுமுன் இறந்தால் பழைய விதிகள். அதற்குப் பிறகு இறந்தால் என்.பி.எஸ். தொகைதான். இந்த விதிகள் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு, பதினைந்து ஆண்டைத் தாண்டியவர்களுக்கும் பழைய விதியே தானாகப் பொருந்தும் என்ற சலுகை இருந்தது. அந்தக் கெடு 2024-இல் முடிந்துவிட்டது. ஆகவே 2004-இலிருந்து 2010 வரை சேர்ந்து, இன்றுவரை படிவம் 1 கொடுக்காதவர்கள் எல்லாரும் இப்போது என்.பி.எஸ். பக்கம் நிற்கிறார்கள். பெரும்பாலானோருக்குக் குடும்பத்தின் கணக்கில் அது பாதகமான பக்கம். ஏன் என்பதைத் தொகை போட்டே பார்க்கலாம்.

இங்கே சொல்வது மத்திய அரசின் சிவில் ஊழியர்களுக்கு. தமிழ்நாடு அரசில் 1.4.2003-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு விதிகள் தனி. அவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

பழைய விதியைத் தேர்ந்தால் என்ன வரும்

பணியில் இருக்கும்போது இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் 10 ஆண்டுகள் கடைசி அடிப்படை ஊதியத்தில் 50 சதவீதம். அதற்குப் பிறகு 30 சதவீதம். இரண்டின் மீதும் அகவிலை நிவாரணம் உண்டு. குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய். முன்பெல்லாம் 50 சதவீத விகிதம் கிடைக்க 7 ஆண்டு தொடர்ச் சேவை வேண்டும் என்றிருந்தது. 1.10.2019 முதல் அந்த நிபந்தனை இல்லை. சேர்ந்து ஓராண்டுகூட ஆகாதவர் இறந்தாலும், பணியில் சேரும்போது மருத்துவப் பரிசோதனையில் தகுதி பெற்றிருந்தால் குடும்பத்துக்கு உரிமை உண்டு. பணியின் காரணமாகவே மரணம் நேர்ந்தால் அசாதாரண ஓய்வூதிய விதிகளின் கூடுதல் விகிதம் கிடைப்பதும் இந்தத் தேர்வின் வழியாகத்தான்.

அப்படியானால் என்.பி.எஸ். கணக்கில் இருக்கும் பணம்? அரசு செலுத்திய பங்கும் அதன் வருமானமும் அரசுக்கே திரும்பும். ஊழியர் சம்பளத்திலிருந்து பிடித்த பங்கும் அதன் வருமானமும் நாமினிக்கு முழுதாகக் கிடைக்கும். பழைய விதி என்று எழுதினால் சேர்த்த பணமெல்லாம் போய்விடும் என்ற பயத்தில் என்.பி.எஸ். என்று டிக் அடித்தவர்கள் பலர். போவது அரசின் பங்கு மட்டும்தான்.

என்.பி.எஸ். தொகையைத் தேர்ந்தால் என்ன வரும்

இரண்டு பங்கும் குடும்பத்துக்கே. ஆனால் கையில் மொத்தமாகத் தர மாட்டார்கள். அரசு ஊழியர் இறந்தால், கணக்கில் கணிசமான தொகை இருக்கும்போது, குறைந்தது 80 சதவீதத்துக்கு ஆயுள் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆன்யுட்டி வாங்க வேண்டும். மீதி 20 சதவீதம்தான் ரொக்கம். தொகை சிறியதாக இருந்தால் மட்டும் முழுவதையும் ரொக்கமாக எடுக்கலாம். ஆன்யுட்டி என்பது ஒரு தொகையைக் கட்டிவிட்டு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வாங்கும் ஏற்பாடு. வாங்கிய நாளின் விகிதம் கடைசிவரை அப்படியே இருக்கும். அகவிலை நிவாரணம் கிடையாது, ஊதியக் குழு வந்தாலும் ஒரு ரூபாய் ஏறாது. அதற்கு ஈடாக ஒரு நன்மை உண்டு. கட்டிய மூலதனத்தைத் திருப்பித் தரும் வகையை எடுத்தால், வாங்குபவர்கள் காலத்துக்குப் பிறகு அந்த மூலதனம் வாரிசுகளுக்கு வந்துசேரும். பழைய விதியில் மூலதனம் என்ற பேச்சே இல்லை.

ஏழாண்டு சேவையில் கணக்கு

அடிப்படை ஊதியம் 45,000 ரூபாய் வாங்கும் ஒருவர், சேவை 7 ஆண்டு, என்.பி.எஸ். கணக்கில் 15 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் பங்கு 10 சதவீதம், அரசின் பங்கு 2019 ஏப்ரல் முதல் 14 சதவீதம் என்பதால், 15 லட்சத்தில் சுமார் 6.25 லட்சம் ஊழியருடையது, 8.75 லட்சம் அரசுடையது. அகவிலை நிவாரணத்துக்கு ஜூலை 2025 முதல் நடைமுறைக்கு வந்த 58 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறேன்.

பழைய விதியில் மாதம் 22,500. அதன் மேல் நிவாரணம் 13,050. மொத்தம் 35,550 ரூபாய். கூடவே நாமினிக்கு 6.25 லட்சம் ரொக்கம்.

என்.பி.எஸ். வழியில் ரொக்கம் 3 லட்சம். மீதி 12 லட்சத்துக்கு, மூலதனம் திரும்பும் வகையில் ஆண்டுக்கு 6.5 சதவீதம் என்று வைத்தால் மாதம் 6,500 ரூபாய்.

35,550-க்கும் 6,500-க்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முதல் நாளே கைக்கு வரும் ரொக்கமும் பழைய விதியில்தான் அதிகம். என்.பி.எஸ். பக்கம் கூடுதலாக இருப்பது, என்றோ ஒருநாள் பிள்ளைகளுக்குத் திரும்பும் 12 லட்சம் மட்டுமே. மொத்தப் பணமாகப் பார்த்தால் அந்தப் பக்கம் 15 லட்சம், இந்தப் பக்கம் 6.25 லட்சம். இடைவெளி 8.75 லட்சம். மாதம் 29,050 ரூபாய் வித்தியாசத்தில் அது இரண்டரை ஆண்டில் அடைபட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் லாபம். சேவைக் காலம் குறைவாக உள்ளவர்கள் இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. பதினைந்து ஆண்டு வரை விதியே அவர்களைக் காக்கிறது என்றாலும் எழுதி வைப்பதே பாதுகாப்பு. பதினாறாம் ஆண்டில் அந்தத் தாளை யாரும் நினைவூட்ட மாட்டார்கள்.

இருபத்தோரு ஆண்டு சேவையில் கணக்கு

இங்கேதான் உண்மையிலேயே யோசிக்க வேண்டியிருக்கிறது. அடிப்படை ஊதியம் 80,000, கணக்கில் 80 லட்சம் என்று வைப்போம். 2019 வரை அரசும் 10 சதவீதமே செலுத்தியதால் ஊழியர் பங்கு இங்கே கொஞ்சம் கூடுதல். 36 லட்சம் என்று எடுக்கலாம்.

பழைய விதியில் முதல் 10 ஆண்டு மாதம் 40,000, நிவாரணத்தோடு 63,200. நாமினிக்கு 36 லட்சம். பத்தாண்டு கழித்து அடிப்படை 24,000 ஆகக் குறையும். அன்றைய நிவாரணம் அதன் மேல் வரும்.

என்.பி.எஸ். வழியில் ரொக்கம் 16 லட்சம். 64 லட்சத்துக்கு 6.5 சதவீதத்தில் மாதம் 34,667. அந்த 64 லட்சம் பின்னாளில் வாரிசுகளுக்கு.

மொத்தப் பணத்தில் என்.பி.எஸ். பக்கம் 44 லட்சம் கூடுதல். மாத வருமானத்தில் பழைய விதி 28,533 கூடுதல். அகவிலை நிவாரணம் ஆண்டுக்கு 5 புள்ளி ஏறுகிறது என்று மிதமாக வைத்தால், மாத வித்தியாசம் ஆண்டுக்கு 2,000 ரூபாய் கூடிக்கொண்டே போகும். கூட்டிப் பார்த்தால் பத்தாம் ஆண்டு முடிவதற்குள் 44 லட்சம் ஈடாகிவிடுகிறது. முதல் நாளே 20 லட்சம் அதிகமாகக் கைக்கு வந்து அதற்கு வட்டியும் சேரும் என்பதைக் கணக்கில் எடுத்தால் இன்னும் சீக்கிரம். ஊதியக் குழு திருத்தத்தை இதில் சேர்க்கவே இல்லை.

ஆக, நீண்ட சேவை உள்ளவருக்குக் கேள்வி இதுதான்: எனக்குப் பின் என் மனைவி அல்லது கணவர் பத்தாண்டுக்கு மேல் வாழ்வார் என்று எதிர்பார்க்கலாமா? ஐம்பது வயதுக்காரரின் துணைக்கு எதிர்பார்க்கலாம். அப்படியென்றால் பழைய விதி. துணைக்கு வயது அதிகம், உடல்நிலை மோசம், பிள்ளைகள் எல்லாரும் 25 வயது தாண்டி சொந்தக் காலில் நிற்கிறார்கள் என்றால் என்.பி.எஸ். தொகை கூடுதலாக எஞ்சும். ஆனால் அந்தக் கூடுதல் போய்ச் சேருவது பிள்ளைகளிடம். துணை உயிரோடு இருக்கும் காலத்தில் அவர் கையில் வருவது 34,667 மட்டும், அதுவும் விலைவாசி ஏற ஏறத் தேயும். குடும்பப் பாதுகாப்பு என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளின் சொத்துக்காகத் துணையின் மாதச் செலவைக் குறைப்பது என் பார்வையில் சரியான தேர்வல்ல. பிள்ளைகளுக்கு என்று தனியாக ஏதாவது செய்ய விரும்பினால், பழைய விதியில் வரும் 36 லட்சத்துக்கு அவர்களையும் நாமினி ஆக்கலாம்.

யாருக்குக் கிடைக்கும் என்பதுதான் பெரிய வித்தியாசம்

தொகையைவிட இந்த இடம் முக்கியம். குடும்ப ஓய்வூதியம் நாமினேஷனைப் பார்த்துத் தரப்படுவதில்லை. விதியில் உள்ள வரிசைப்படி போகும். என்.பி.எஸ். தொகையோ நாமினேஷன்படி போகும்.

பழைய விதியின் வரிசையில் முதலில் மனைவி அல்லது கணவர். அவருக்குச் சொந்தச் சம்பளமோ ஓய்வூதியமோ இருந்தாலும் தடையில்லை. வருமான வரம்பு துணைக்குப் பொருந்தாது. அவர் இறந்தாலோ மறுமணம் செய்தாலோ பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகளுக்கு 25 வயது வரை, அல்லது திருமணம் ஆகும்வரை, அல்லது சொந்த வருமானம் 9,000 ரூபாயும் அதன் நிவாரணமும் சேர்ந்த தொகையைத் தொடும்வரை. ஒரு சமயத்தில் ஒரு பிள்ளைக்குத்தான், மூத்தவர் முதலில். திருமணம் ஆகாத, கணவரை இழந்த, விவாகரத்தான மகளுக்கு 25 வயதுக்குப் பிறகும் வழி உண்டு. கணவரை இழந்ததோ விவாகரத்தோ பெற்றோர் உயிருடன் இருந்த காலத்தில் நடந்திருக்க வேண்டும். விவாகரத்து வழக்கு அந்தக் காலத்தில் தொடுக்கப்பட்டு, தீர்ப்பு பிறகு வந்திருந்தாலும் ஏற்கிறார்கள். துணையும் பிள்ளைகளும் இல்லையென்றால் சார்ந்திருந்த தாய்க்கு, பிறகு தந்தைக்கு.

மாற்றுத்திறனாளிக் குழந்தை உள்ள வீட்டில் இந்த ஒப்பீடே முடிந்துவிடுகிறது. சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத அளவு குறைபாடுள்ள மகனுக்கோ மகளுக்கோ வயது வரம்பில்லாமல் ஆயுள் முழுக்கக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. அகவிலை நிவாரணத்தோடு ஆயுள் முழுக்க வரும் ஒரு வருமானத்தை 12 லட்சத்தாலோ 64 லட்சத்தாலோ வாங்க முடியாது. அப்படியொரு குழந்தை இருந்தால் பழைய விதியை எழுதுங்கள். ஊனச் சான்றிதழை நீங்கள் பணியில் இருக்கும்போதே வாங்கி, படிவம் 2-இல் குடும்ப விவரத்தோடு அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். பெற்றோர் போன பிறகு அந்தச் சான்றிதழுக்காக அலைவது பாதுகாவலருக்குப் பெரும் பாடு.

பெண் ஊழியர்களுக்கு ஒரு குறிப்பு. கணவரோடு விவாகரத்து வழக்கோ, குடும்ப வன்முறை அல்லது வரதட்சணைச் சட்ட வழக்கோ நிலுவையில் இருந்தால், குடும்ப ஓய்வூதியத்தைக் கணவருக்கு முன்பாகத் தகுதியுள்ள பிள்ளைகளுக்குத் தரும்படி அலுவலகத் தலைவரிடம் எழுதிக் கொடுக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து இந்த வழி இருக்கிறது. இதை மனதில் வைத்து, கணவருக்குப் போய்விடுமே என்பதற்காக மட்டும் என்.பி.எஸ். தேர்ந்து பிள்ளைகளின் மாத வருமானத்தை இழக்க வேண்டாம்.

இப்போது மறுபக்கம். என்.பி.எஸ். என்று எழுதுவதே சரி என்று சொல்லத்தக்க நிலைகள் உண்டு. திருமணம் ஆகாதவர், பெற்றோர் இல்லை அல்லது அவர்களுக்கே போதிய ஓய்வூதியம் இருப்பதால் சார்ந்தவர் கணக்கில் வரமாட்டார்கள் என்றால், குடும்ப ஓய்வூதியம் வாங்க ஆளே இல்லை. உடன்பிறந்தவருக்கு, மாற்றுத்திறனாளி உடன்பிறப்பு தவிர, பழைய விதியில் இடமில்லை. அவர்களுக்கு எதையாவது விட்டுப்போக விரும்பினால் என்.பி.எஸ். தான். துணை இளவயதில் இருந்து, பிள்ளை இல்லாமல், மறுமணம் நடக்கலாம் என்ற நிலையையும் யோசிக்கலாம். மறுமணத்தில் குடும்ப ஓய்வூதியம் நிற்கும், ஆன்யுட்டி நிற்காது. பிள்ளையில்லாத விதவைக்கு மட்டும், வேறு வருமானம் குறைந்தபட்சக் குடும்ப ஓய்வூதிய அளவுக்குக் கீழே இருந்தால், மறுமணத்துக்குப் பிறகும் தொடர விதி இடம் தருகிறது. ஆனாலும் ஏழாண்டு சேவைக் கணக்கில் பார்த்தபடி, இரண்டரை ஆண்டு ஓய்வூதியம் வாங்கினாலே பழைய விதி முந்திவிடுகிறது. எனவே இதையும் சேவைக்காலத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும்.

யு.பி.எஸ். எடுத்தவர்களுக்கு

1.4.2025 முதல் வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்துக்கு (யு.பி.எஸ்.) மாறியவர்களுக்கும் பணிக்கால மரணத்துக்கு இதே தேர்வு உண்டு. பழைய விதியா, யு.பி.எஸ். பலனா என்று எழுதித் தர வேண்டும். 2025 ஜூன் ஆணையும் செப்டம்பரில் வந்த விதிகளும் இதை உறுதிப்படுத்தின. யு.பி.எஸ். குடும்பப் பலன் சட்டப்படி மணந்த துணைக்கு மட்டும். பிள்ளைகள், பெற்றோர், மாற்றுத்திறனாளி மகன் அந்த வரிசையில் இல்லை. ஆகவே பணிக்காலத்துக்கு, யு.பி.எஸ். எடுத்தவரும் பழைய விதியை எழுதி வைப்பதே நல்லது.

ஓய்வுபெற்ற பிறகு மரணம் என்பது வேறு கணக்கு. படிவம் 1 பணிக்காலத்துக்கு மட்டுமே. 25 ஆண்டு சேவையோடு 80,000 அடிப்படையில் ஓய்வுபெற்ற யு.பி.எஸ். காரருக்கு 40,000 ரூபாய் வருகிறது என்றால், அவருக்குப் பின் துணைக்கு அதில் 60 சதவீதம், அதாவது 24,000, அகவிலை நிவாரணத்தோடு. இது அடிப்படை ஊதியத்தில் சரியாக 30 சதவீதம். பழைய திட்டக்காரரின் சாதாரணக் குடும்ப ஓய்வூதியமும் அதே 30 சதவீதம். ஆனால் பழைய திட்டத்தில் ஓய்வுக்குப் பின் இறந்தாலும் 7 ஆண்டு, அல்லது இறந்தவர் 67 வயதைத் தொட்டிருக்கக்கூடிய நாள், இதில் எது முன்னோ அதுவரை 50 சதவீதம் உண்டு. யு.பி.எஸ்.-இல் அது இல்லை. என்.பி.எஸ்.-இல் ஓய்வுபெற்றவரின் துணைக்கு என்ன வரும் என்பது ஓய்வு நாளில் எந்த ஆன்யுட்டி வகையை எடுத்தார் என்பதைப் பொறுத்தது. தனி ஆயுளுக்கு மட்டும் எடுத்தால் மாதத்தொகை கொஞ்சம் கூடும், துணைக்கு ஒன்றும் வராது. அந்தக் கொஞ்சத்துக்காகக் கூட்டு ஆயுள் வகையை விடாதீர்கள்.

யு.பி.எஸ்.-இலிருந்து என்.பி.எஸ்.-க்கு ஒருமுறை திரும்பலாம். ஓய்வு நாளுக்கு ஓராண்டு முன்பே, விருப்ப ஓய்வு என்றால் மூன்று மாதம் முன்பே முடிவெடுக்க வேண்டும். துணைக்கு நிச்சயமான மாத வருமானம் முக்கியமா, பிள்ளைகளுக்குப் போகும் மூலதனம் முக்கியமா என்ற அதே கேள்விதான் அங்கேயும்.

எதைத் தேர்ந்தாலும் வருபவை

இறப்புப் பணிக்கொடை இரண்டு வழியிலும் ஒன்றே. சேவை ஓராண்டுக்குள் என்றால் 2 மாத ஊதியம், 5 ஆண்டுக்குள் 6 மாதம், 11 ஆண்டுக்குள் 12 மாதம், 20 ஆண்டுக்குள் 20 மாதம். இருபதுக்கு மேல் ஒவ்வொரு முடிந்த அரையாண்டுக்கும் அரை மாத ஊதியம், 33 மாத உச்சவரம்போடு. ஊதியம் என்பது இங்கே அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்தது. மொத்த உச்சவரம்பு 1.1.2024 முதல் 25 லட்சம். மேலே பார்த்த ஏழாண்டுக்காரருக்கு 71,100 ரூபாய் வீதம் 12 மாதம், 8,53,200 ரூபாய். இருபத்தோராண்டுக்காரருக்கு 1,26,400 வீதம் 21 மாதம் என்றால் 26,54,400 ஆகிறது, ஆனால் 25 லட்சத்தில் நின்றுவிடும். ஈட்டிய விடுப்புச் சம்பளம் 300 நாள் வரை, குழுக் காப்பீட்டுத் தொகை ஆகியவையும் இதேபோல் தேர்வைச் சாராதவை. குழுக் காப்பீடு குரூப் சி ஊழியருக்கு 30,000 ரூபாய்தான் என்பதால் அதை நம்பி எந்தத் திட்டமும் போட வேண்டாம்.

பழைய விதியிலும் ஒரு பள்ளம் உண்டு. பதினோராம் ஆண்டில் 50 சதவீதம் 30 ஆகும் நாள், பெரும்பாலும் பிள்ளைகளின் கல்லூரிக் காலம். 45,000 அடிப்படையில் அன்று 22,500 என்பது 13,500 ஆகிறது, நிவாரணமும் அதே விகிதத்தில் குறைகிறது. இளம் ஊழியர் ஒரு டேர்ம் காப்பீடு எடுப்பதாக இருந்தால், அந்தப் பள்ளத்தை நிரப்பும் அளவுக்கு எடுத்தால் போதும். சம்பளம் முழுவதையும் ஈடுகட்டும் அளவுக்குப் பிரீமியம் கட்டத் தேவையில்லை.

எங்கே தவறுகிறது

படிவம் 1-ஐக் கொடுத்துவிட்டதாகச் சொல்லும் பலரின் சர்வீஸ் புக்கில் அது இல்லை. இடமாற்றத்தில் கோப்பு ஒரு ஊரிலும் சர்வீஸ் புக் இன்னொரு ஊரிலும் போய்விடுகிறது. பணியில் சேர்ந்த நாளில் ஒரு கட்டுத் தாள்களோடு கையெழுத்து வாங்கியிருப்பார்கள். எதில் டிக் அடித்தோம் என்பதே நினைவிருக்காது. அலுவலகத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் தேதியும் உள்ள ஒப்புகை நகலை வாங்கி வீட்டில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் புக்கைப் பார்க்கும்போது அந்தப் பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விருப்பத்தை ஓய்வு வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதால், பழைய தாள் கிடைக்கவில்லையென்றால் தேட வேண்டாம். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்துவிடலாம். கடைசித் தாள்தான் செல்லும்.

அடுத்தது நாமினேஷன். திருமணத்துக்கு முன் அம்மா பெயரிலோ தம்பி பெயரிலோ போட்ட என்.பி.எஸ். நாமினேஷன், திருமணம் ஆனதும் செல்லாததாகிவிடும். புதிதாகப் போட வேண்டும். போடாமல் விட்டால் வாரிசுச் சான்றிதழ், வழக்கு, அலைச்சல். பழைய விதியைத் தேர்ந்தவர்களுக்கும் இது அவசியம். ஊழியர் பங்கு போவது நாமினிக்குத்தான். பணிக்கொடைக்கும் குழுக் காப்பீட்டுக்கும் நாமினேஷன் தனித்தனி. ஒன்றை மாற்றினால் மற்றவை தானாக மாறாது.

பெயர் ஒற்றுமையின்மை மூன்றாவது. சர்வீஸ் புக்கில் ‘சாந்தி’, ஆதாரில் ‘சாந்தி முருகன்’, வங்கியில் இனிஷியலோடு ‘எம். சாந்தி’ என்றிருந்தால், மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிப்பதிலேயே மாதங்கள் கழியும். ஊழியர் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை இது. படிவம் 2-இல் இரண்டாவது குழந்தையைச் சேர்க்காமல் விடுவதும் அடிக்கடி நடக்கிறது. வேலைக்குப் போன மகன், மணமான மகள் பெயர்களையும் நீக்காமல் வையுங்கள். மகள் நாளை கணவரை இழந்து திரும்பி வந்தால் அந்தப் பெயர் அங்கே இருந்தாக வேண்டும்.

மரணத்துக்குப் பிறகு குடும்பத்தினர் செய்யும் தவறு ஒன்று. படிவத்தில் பழைய விதி இருக்கும். அது தெரியாமல், யாரோ சொன்னார்கள் என்று என்.பி.எஸ். முழுத்தொகைக்கும் விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். பிறகு குடும்ப ஓய்வூதியம் வாங்க அரசின் பங்கைத் திருப்பிச் செலுத்த நேரிடும்; பணம் அதற்குள் செலவாகியிருக்கும். எந்தத் தேர்வு என்பதை அலுவலகத்திலிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே என்.பி.எஸ். பக்கம் கைவைக்கச் சொல்லுங்கள். வரிக் கணக்கிலும் ஒன்று: குடும்ப ஓய்வூதியம் சம்பளத் தலைப்பில் வராது, பிற வருமானத்தில் வரும். மூன்றில் ஒரு பங்கு அல்லது ஒரு குறிப்பிட்ட உச்சவரம்பு, இரண்டில் குறைவானது கழியும். பழைய வரிமுறையில் அந்த உச்சவரம்பு 15,000. புதிய வரிமுறையில் 2024-25 நிதியாண்டு முதல் 25,000.

படிவம் 1-இன் நகல், படிவம் 2, ப்ரான் எண் (என்.பி.எஸ். கணக்கின் நிரந்தர எண்), நாமினேஷன் அச்சுப்பிரதி, சர்வீஸ் புக்கின் முதல் பக்க நகல், துணையின் ஆதார், இருவர் பெயரிலும் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம். இவை ஒரே உறையில் இருக்கட்டும். உறையின் மேல் அலுவலகத்தின் முழு முகவரியையும் நிர்வாகப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் எழுதி, அது எந்த அலமாரியில் இருக்கிறது என்பதைத் துணையிடமும் வளர்ந்த பிள்ளை ஒருவரிடமும் சொல்லி வையுங்கள். திருமணம், குழந்தை பிறப்பு, துணையின் மரணம், கடைசிப் பிள்ளைக்கு 25 வயது நிறைவு ஆகிய நான்கு சமயங்களில் அந்த உறையைத் திறந்து படிவம் 1-ஐ மறுபடி படித்துப் பாருங்கள்.